நீல மூடிதான் தலை

எங்க கப்பல்ல ஏறுறவங்களுக்கு முதல்ல குடுக்கிறது வாந்திப் பை. அப்புறம்தான் பூமாலை. செத்தவங்களைப் பார்க்க வர்ற இடத்துல இந்த வரிசை மரியாதையா இல்லைன்னு கம்பெனிக்கு நிறைய புகார் போயிருக்கு. புகார் எழுதினவங்க எல்லாரும் கரையில உக்காந்து எழுதினவங்க.

என் பேரு ஜெனோவா பர்னாந்து. சொந்த ஊரு மணப்பாடு. பதினோரு வருஷமா ‘நிலைக்கல்’ கம்பெனி கப்பல்ல கல் அறைப் பொறுப்பு. கடலடி மலையில துளைச்ச குழியிலருந்து உருளைக் கல்லை எடுக்கிறது, துடைக்கிறது, செத்தவங்க குரல் கேக்குற வாசிப்பு மேடையில வைக்கிறது, திரும்ப இறக்குறது எல்லாம் நான்தான். அது போக, ஒவ்வொரு பயணத்துலயும் புதுசா வர்ற சொந்தக்காரங்களுக்கு விளக்கம் சொல்ற தலைவிதியும் எனக்குத்தான்.

அந்தத் தடவை முன்வரிசையில ஒரு வெள்ளை வேட்டிப் பெரியவர் உக்காந்திருந்தார். கேள்வி கேக்கிறதுக்குன்னே கப்பல் ஏறினவர்.

“அடியில இருக்கிறது எரிமலைங்கிறீங்க. வெடிச்சுத் தொலைச்சுதுன்னா எங்கப்பா என்ன ஆவார்?”

“வெடிக்காதுங்க ஐயா. இங்கே மலைதான் இருக்கு, நெருப்பு இல்லை. அடுப்பு ரொம்பத் தெற்கே, அண்டார்டிகா போற வழியில அப்படியே கிடக்கு. மேல இருந்த பூமித் தட்டுதான் வடக்கே நகர்ந்து வந்துருச்சு. நகர நகர, அடுப்பு அடியிலருந்து ஒவ்வொரு இடமாச் சுட்டுச்சு. ஒவ்வொரு சூட்டுக்கும் ஒரு மலை. அப்படியே வடக்கு தெற்கா ஐயாயிரம் கிலோமீட்டருக்கு வரிசையா நிக்குது. நாம நிக்கிறது வடக்குப் பக்கம். எட்டு கோடி வருஷத்துக் கல்.”

“முன்னே தண்ணிக்கு மேல இருந்துச்சோ?”

“சில இடம் இருந்துச்சு. தீவா இருந்து, மரம்கூட முளைச்சிருக்கு. அப்புறம் ஆறி, கனம் கூடி, அமுங்கிருச்சு.”

“அப்போ நம்ம ஆளுங்க வாழ்ந்த பூமி.”

“எட்டு கோடி வருஷம் ஐயா. அப்போ டைனோசர்தான் இருந்துச்சு.”

“நம்ம பக்கத்து டைனோசர்தானே,” அப்படின்னு திருப்தியா தலையாட்டினார். நான் மேற்கொண்டு வாதாடலை. எனக்குக் குடுக்கிற சம்பளத்துல அது சேராது.

“சரி, இதுல எப்படி மனுஷனை எழுதுறீங்க?”

“குழம்பு ஆறும்போது அதுக்குள்ள இருக்கிற இரும்புத் துணுக்கெல்லாம் அன்னைக்கு வடக்கு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் பார்த்து உறைஞ்சிரும். எட்டு கோடி வருஷமா அதை மறக்காத கல் இது. அந்தப் பழைய துணுக்கைத் தொடாம, இடையில இருக்கிறதுல நாங்க எழுதுறோம். உங்கப்பா சாகறதுக்கு முன்னால மூணு மாசம் தொப்பி மாட்டிக்கிட்டு உக்காந்தாரில்ல, அதுதான் எழுத்து. ஞாபகமெல்லாம் கல்லைச் சுத்தி, படுக்கைவசமா. பிடிச்சது பிடிக்காதது மட்டும் நெடுக்குவசம். பிடிச்சிருந்தா துணுக்கு மேலே பார்க்கும், பிடிக்காட்டி கீழே பார்க்கும். கல்லுல புதுசா எதுவும் ஏறாது. ஒவ்வொரு தடவை எழுப்பும்போதும் அவருக்கு அதுதான் முதல் தடவை.”

“ரெண்டு கல்லையும் சேர்த்து வைக்கலாமாமே?”

“தம்பதி அமர்வு. வைக்கலாம், ஒண்ணோட ஒண்ணு பேசும். போன மாசம் ஒரு ஜோடி ஒரு மணி நேரமும் சண்டை போட்டாங்க. பிள்ளைங்க வாயில வடையோட பார்த்துக்கிட்டு நின்னுச்சு. யோசிச்சுப் பண்ணுங்க.”

விளக்கம் முடிஞ்சதும் வழக்கம்போல மனு வந்துச்சு. எங்க ஆளுங்களை அவங்க ஆளுங்களுக்குக் கீழ் குழியில இறக்கக் கூடாது, தனிச் சிகரம் வேணும்னு எழுதியிருந்துச்சு. இரண்டாயிரம் மீட்டர் தண்ணிக்கு அடியிலயும் மேல் தெரு கீழ் தெரு. நான் வாங்கி மனுப்பெட்டியில போட்டேன். அந்தப் பெட்டிக்கு அடி கிடையாது, கீழே குப்பைத் தொட்டி.

அந்தப் பயணத்துலதான் ரெங்கம்மாவும் வந்திருந்தாங்க. கோவில்பட்டி. அவங்க வீட்டுக்காரர் கொண்டல்சாமி, மின்வாரியத்துல போர்மேனா இருந்து செத்து நாலு வருஷம். உயிரோட இருந்தப்போ அவர் பொண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லைன்னு அவங்க சொந்தக்காரங்களே சொல்லிச் சிரிப்பாங்க. ‘இந்தா’, ‘ஏய்’, இல்லாட்டி ஒரு செருமல். முப்பத்தெட்டு வருஷம் அந்தச் செருமலுக்குத்தான் அவங்க காப்பி போட்டிருக்காங்க.

கல்லுக்குள்ள போன பிறகு மனுஷன் அடியோட மாறிட்டார். அன்னைக்குக் காலையிலயும் மேடையில வச்சு எழுப்பின உடனே, “ரெங்கா, வந்துட்டியா? உன் பாகற்காய்க் குழம்பு வாசம் மூக்குலயே நிக்குது,” அப்படின்னார். உயிரோட இருந்தப்போ பாகற்காயைப் பார்த்தா தட்டைத் தள்ளுவாராம். தீராப் பகையாளியான மச்சானைத் தேடினார். பக்கத்து வீட்டு நாயை விசாரிச்சார். செத்தப்புறம் ஞானம் வந்துருச்சுன்னு ஊரே பேசுது, கம்பெனி விளம்பரத்துல அவர் குரலைப் போடக்கூடக் கேட்டாங்க. ரெங்கம்மா ஒரு மணி நேரமும் முந்தானையால வாயை மூடிக்கிட்டு, கல்யாணப் பொண்ணு மாதிரி உக்காந்திருந்தாங்க.

ஒரே ஒரு ஆளுக்குத்தான் அந்தக் கல் விஷமா இருந்துச்சு. ஒரே மக, தாரகை. முதல் வருஷம் அவ உள்ளே வந்ததும், “இவளை யாரு கூட்டிட்டு வந்தது? இவ குரலே எனக்கு ஆகாது,” அப்படின்னார். ரெண்டாவது வருஷமும் அதே. மூணாவது வருஷம் அவ கப்பல் வரைக்கும் வந்துட்டு கல் அறைக்குள்ளே வரவே இல்லை, மேல்தளத்துல நின்னு அழுதா. நாலாவது வருஷம், அதாவது அந்தத் தடவை, கையில ஒரு காகிதத்தோட வந்திருந்தா.

“நிரந்தர அடைப்பு,” அப்படின்னு என் மேசையில வச்சா. “அப்பா வாரிசா என் பேரைத்தான் போட்டிருக்கார், என் கையெழுத்து போதுமாம். குழியை சிமென்ட் போட்டு மூடிருங்க. நாளைக்கு என் நேரத்துல கடைசியா ஒரு தடவை பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுறேன்.”

“அம்மாகிட்ட கேட்டியா?”

“அம்மாவுக்கு அவர் பேசுறது பிடிச்சிருக்கு. எனக்குத்தான் தாங்கலை, அக்கா. இருபத்தெட்டு வருஷம் என்னைத் தலையில வச்சு ஆடினார். ஸ்கூட்டர் பழகும்போது பின்னாடியே ஓடி வந்தார். அதெல்லாம் நடிப்பா? உங்க விளம்பரத்துலயே போட்டிருக்கு, கல் பொய் சொல்லாதுன்னு. என்னைப் பிடிக்காத ஒரு மனுஷனை நான் அப்பான்னு நம்பிக்கிட்டு வளர்ந்திருக்கேன். அதை ஒவ்வொரு வருஷமும் காசு குடுத்து எதுக்குக் கேக்கணும்?”

காகிதத்தை வாங்கி வச்சேன்.

மத்தியானம் சாப்பாட்டு நேரத்துல நெய்னா வந்தான். நெய்னா முகம்மது, காயல்பட்டினத்துப் பையன், கப்பல்ல ஒரே பாறை விஞ்ஞானி. கல்லோட சொந்தக் காந்தத்தை அளக்கிற புதுக் கருவி அந்த வருஷம்தான் அவனுக்கு வந்திருந்துச்சு. வந்ததுலருந்து மேடையை விட்டு இறங்குற கல்லையெல்லாம் அளந்துக்கிட்டே திரிஞ்சான். முகமெல்லாம் பல்லு.

“ஜெனோவாக்கா, நான் பெரிய ஆள் ஆகப் போறேன். பூமியோட வடக்கு தெற்கு புரண்டதுக்குப் புது ஆதாரம். கட்டுரை பாதி எழுதிட்டேன்.”

“சோத்தைத் தின்னுட்டுச் சொல்லு.”

“இந்த மலை பிறந்தது ரொம்பத் தெற்கே. அந்த இடத்துல, அந்தக் காலத்துல காந்த ஊசி வானத்தைப் பார்த்து நிக்கும். அதனால இந்தச் சிகரத்துல எடுத்த கல்லெல்லாம் மேலே பார்க்குது. முந்நூறு கல் அளந்துட்டேன், எல்லாம் மேலே. ஒண்ணே ஒண்ணு மட்டும் கீழே பார்க்குது.”

“எது?”

“நாற்பத்தேழாம் குழி, நாலாவது கல்.”

அது கொண்டல்சாமி.

“நெய்னா, அதுக்கு மேல இருந்த கல்லும் கீழ இருந்த கல்லும்?”

“ரெண்டும் மேலே பார்க்குது. அதானே அதிசயம்.”

“மூணும் ஒரே குழம்புல உறைஞ்சதுதானே? ஒரு குழம்பு ஆற எத்தனை நாள்?”

“நாளோ, மாசமோ…” அவன் வாய் அப்படியே நின்னுச்சு. பல்லெல்லாம் உள்ளே போயிருச்சு. “அதுக்குள்ள பூமி புரண்டு, திரும்பவும் நேராக முடியாது.”

“பூமி புரளலை. கல்லு புரண்டிருக்கு.”

நாலு வருஷம் முந்தி நடந்தது எனக்கு அப்படியே கண்ணு முன்னால வந்துச்சு. எழுதி முடிச்ச கல்லுக்கு ரெண்டு முனையிலயும் மூடி போடுவோம். மேல் முனைக்கு நீலம், கீழ் முனைக்கு வெள்ளை. மேடையில வைக்கிறதும் அளக்கிறதும் நீல மூடியை மேலே வச்சுத்தான். கல்லு மேலயே மேல் பக்கம் காட்டி ஒரு அம்புக்குறியும் செதுக்கியிருக்கும். குழியில இறக்குறதுக்கு முன்னால கொண்டல்சாமி சொந்தக்காரங்க கூடி நின்னு, நெத்திக்குச் சந்தனம் வைக்கணும், தலை எந்தப் பக்கம்னு கேட்டாங்க. எனக்கு அன்னைக்கு ஒன்பதாவது கல். நீல மூடிதான் தலைன்னு எரிச்சலோட சொன்னேன். மூடியைக் கழட்டி நெத்திக்குச் சந்தனம், மறு மூடியைக் கழட்டிக் காலுக்கு மஞ்சள், உடம்பெல்லாம் விபூதி, மேலெல்லாம் குங்குமம். கப்பல் ஆடுது, ரெண்டு பேரு மாலைக்குச் சண்டை போடுறாங்க, ஒருத்தர் வாந்தி எடுக்கிறார். ஒரு வழியா மூடி ரெண்டும் ஏறிருச்சு. அம்புக்குறி சந்தனத்துக்கு அடியில. துடைச்சா இன்னொரு சண்டை வரும்னு துடைக்காமலே ‘சரிபார்த்தேன்’னு கையெழுத்துப் போட்டேன்.

சாப்பாட்டை அப்படியே விட்டுட்டு ரெண்டு பேரும் கல் அறைக்கு ஓடினோம். மூடியைக் கழட்டி, ஈரத்துணியால தேய்ச்சேன். நாலு வருஷச் சந்தனம், சுண்ணாம்பா இறுகியிருந்துச்சு. அம்புக்குறி வெள்ளை மூடி இருந்த முனையைப் பார்த்து நின்னுச்சு.

“அப்போ நாலு வருஷமா அவரைத் தலைகீழா வாசிச்சிருக்கோம்,” அப்படின்னான் நெய்னா. “ஞாபகமெல்லாம் சரியாத்தான் வந்திருக்கும், அது சுத்தி எழுதினது. பிடிச்சது மட்டும் பிடிக்காததா, பிடிக்காதது பிடிச்சதா…” மறுபடியும் அவன் வாய் நின்னுச்சு. இந்தத் தடவை வேற காரணம். “அக்கா, அப்போ அந்தப் பிள்ளை மேல அவருக்கு உசுரு.”

“ஆமா.”

“அந்தம்மா மேல…”

“வாயை மூடு.”

சட்டப்படி ஒரே வழிதான். தப்பு நடந்ததைத் தலைமை அலுவலகத்துக்கு எழுதணும். அவங்க ஆள் அனுப்பி, சரியான பக்கத்துல மூடியைத் திறக்க முடியாத மாதிரி ஒட்டிருவாங்க. என் வேலை போகும், போகட்டும். ஆனா அடுத்த வருஷம் ரெங்கம்மா முந்தானையால வாயை மூடிக்கிட்டு வந்து உக்காரும்போது, கல்லு செருமும். எழுதாம விட்டா மக கையெழுத்துப் போட்டுட்டு, அப்பனுக்கு ஆகாதவளாவே வீடு போய்ச் சேருவா. ஒரு துணி எடுத்துத் துடைக்கச் சோம்பல்பட்டதுக்கு இவ்வளவு பெரிய தண்டனையான்னு எனக்கு என் மேலயே ஆத்திரமா வந்துச்சு. அம்மாவோட சந்தோஷமும் பொய், மகளோட அழுகையும் பொய். ரெண்டும் நான் செஞ்ச பொய்.

மறுநாள் காலையில தாரகை வந்தா. காகிதத்தை எடுக்கச் சொன்னா. நான் எடுக்கலை. உக்கார வச்சு, சந்தனத்துலருந்து நெய்னாவோட அளவு வரைக்கும் எல்லாத்தையும் சொன்னேன். நான் அம்புக்குறியைக் காட்டினேன், கல்லைத் திருப்பி வச்சேன், எழுப்பினேன்.

முதல்ல செருமல் சத்தம்.

“யாரது, தாரகையா? எத்தனை நேரமா உக்காந்திருக்கேன் தெரியுமா? சாப்பிட்டியா? எதுல வந்தே? ஸ்கூட்டர்லயா? ஹெல்மெட் எங்கே?”

தாரகை மேடை விளிம்பைப் பிடிச்சுக்கிட்டா. “கப்பல்ல வந்தேன்பா.”

“கப்பலுக்கும் ஹெல்மெட் போடு. உன்னை நம்ப முடியாது.”

அவ அழுதுக்கிட்டே சிரிச்சா. நான் வெளியே போயிருக்கணும். போகலை. ஒரு மணி நேரம் அந்த மனுஷன் அவளைத் திட்டிக்கிட்டே இருந்தார். கேட்டுக்கிட்டே இருக்கலாம்போல ஒரு திட்டு. கடைசியில அவரே கேட்டார்.

“உங்கம்மா வந்திருக்காளா?”

“மேலே இருக்காங்கப்பா. கூப்பிடவா?”

“வேண்டாம், வேண்டாம். வந்தா மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருப்பா. நீ பேசு.”

தாரகை முகத்துல சிரிப்பு அப்படியே வத்திப் போச்சு. விவரமான பொண்ணு. கணக்கு அவளுக்கு அந்த நொடியில விளங்கிருச்சு. நேரம் முடிஞ்சு கல்லு அடங்கினதும், என்னைப் பார்த்துத் திரும்பினா.

“அக்கா, இது அம்மாவுக்குத் தெரிய வேண்டாம். பழையபடியே மாட்டிருங்க. வருஷம் ஒரு மணி நேரம் எனக்கு மட்டும் திருப்பி வைங்க, போதும். அவங்க கேட்டா, அப்பாவுக்கு என் மேல இருந்த கோபம் ஆறிருச்சுன்னு சொல்லிக்கிறேன்.” அடைப்புக் காகிதத்தை நாலாக் கிழிச்சு, வாந்திப் பையில போட்டுட்டு மேலே போனா. நெய்னாகிட்ட நான் ஒரு வார்த்தைகூட கேக்கலை. அவனே கட்டுரையை அழிச்சுட்டு, அந்தக் கல்லுக்கு நேரே ‘அளவு தெளிவில்லை’ன்னு எழுதினான்.

நான் கல்லைப் பழையபடி திருப்பி, நீல மூடியைத் தப்பான முனையில மாட்டிக்கிட்டிருந்தப்போ, பின்னாலருந்து குரல் கேட்டுச்சு.

“நல்லா அழுத்தி மாட்டு, தாயி. கழண்டுரப் போகுது.”

ரெங்கம்மா. கையில பூக்கூடையோட வாசல்ல நின்னாங்க.

“எம்மவ முகத்தைப் பார்த்தேன். அவளுக்கு மட்டும் நேரா வச்சுக் காட்டிட்டே, இல்லையா?”

“அம்மா, உங்களுக்கு…”

“அந்த மூடியை அன்னைக்கு மாட்டுனது யாருன்னு நினைச்சே? நான்தான். தெரியாமத்தான் மாட்டுனேன். மறுவருஷம் வந்து உக்காந்தா, ‘ரெங்கா’ங்கிறார். அந்தாளு செத்தாலும் அப்படிக் கூப்பிட மாட்டார். அவர்கூட முப்பத்தெட்டு வருஷம் இருந்தவ நான். மோட்டாருக்கு ரெண்டு வயரை மாத்திக் குடுத்தா எதிர்ப்பக்கம் சுத்தும்னு அவரே ஊருக்கெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிவார். எங்கேயோ மாத்தி மாட்டிட்டேன்னு அன்னைக்கே விளங்கிருச்சு.”

எனக்குக் கோபம் வந்துச்சு. மறைக்கத் தெரியலை. “அப்போ உங்க பொண்ணு மேல்தளத்துல நின்னு அழுததையும் பார்த்துக்கிட்டுத்தானே இருந்தீங்க?”

“பார்த்தேன்.” அவங்க கண்ணைத் தாழ்த்தலை. “அது என் பாவம்தான், நான் வேற யாரு தலையிலயும் போடலை. வருஷா வருஷம், இந்தத் தடவை சொல்லிருவோம்னுதான் கப்பல் ஏறுவேன். அவர் ‘ரெங்கா’ன்னதும் வாய் கட்டிக்கும். அவளுக்கு அப்பன் இருபத்தெட்டு வருஷம் முழுசாக் கிடைச்சான், தாயி. எனக்கு வருஷத்துக்கு ஒரு மணி நேரம். அதுவும் கடன் வாங்கின மாதிரி.”

கோபம் எங்கே போச்சுன்னு தெரியலை. சரியாவே திருப்பி மாட்டிரட்டுமான்னு கேட்டேன்.

“வேண்டாம். நேரா இருந்த மனுஷனோட குடும்பம் நடத்தி முடிச்சாச்சு. இனி இப்படியே கிடக்கட்டும். எம்மவ வந்தா அவளுக்குத் திருப்பிக் குடு. எனக்குத் தெரியும்னு அவகிட்ட சொல்லாதே, பாவம், அவளாவது அம்மாவைக் காப்பாத்திட்டோம்னு நிம்மதியா இருக்கட்டும்.”

பூவைக் கல்லு மேல வச்சாங்க. இந்தத் தடவை அம்புக்குறியை மறைக்காம, ஒரு ஓரமா. போகத் திரும்பினவங்க நின்னு, சொன்னாங்க.

“எனக்கும் பக்கத்துக் குழியில இடம் சொல்லி வச்சிருக்கேன். அந்தத் தம்பதி அமர்வு இருக்குதே, ரெண்டு கல்லையும் சேர்த்து வைக்கிறது. அதுக்கும் எழுதிக் குடுத்திருக்கேன்.”

“உங்களையும் மாத்தி மாட்டணுமாம்மா?”

“அய்ய, என்னை நேரா வை. சந்தனத்தைத் துடைச்சு, அம்பைப் பார்த்து மாட்டு.” முந்தானையால வாயை மூடிக்கிட்டாங்க. “அந்தாளு எட்டு கோடி வருஷம் ‘ரெங்கா, ரெங்கா’ன்னு கொஞ்சிக்கிட்டே கிடக்கட்டும். நான் ஒரு செருமல் செருமுறேன்.”